வீட்டில் செய்யும் ஸ்பீக்கர் பெட்டி: எதற்குச் செலவழிப்பது, எதை விட்டுவிடுவது?



விடுமுறை வந்துவிட்டால் நம் வீட்டுப் பிள்ளைகளில் சிலர் சால்டரிங் அயர்னும் ஸ்க்ரூ டிரைவருமாக உட்கார்ந்துவிடுகிறார்கள். பழைய டிவியில் கழற்றிய ஸ்பீக்கர், சென்னை ரிச்சி தெருவில் வாங்கி வந்த ஆம்ப்ளிஃபயர் போர்டு, உடைந்த அலமாரிப் பலகை எல்லாம் சேர்ந்து ஒரு வாரத்தில் ஒரு பெட்டி உருவாகிவிடுகிறது. கையால் ஒன்றைச் செய்து பார்க்கும் ஆர்வம் நல்லது. அதை அடக்க வேண்டியதில்லை. ஆனால் பெரும்பாலான வீடுகளில் பணம் போகும் இடம் வேறு, போக வேண்டிய இடம் வேறாக இருக்கிறது. பெரிய அங்குலத்துக்கும் பெரிய வாட்ஸ் கணக்குக்கும் வாப்பாவின் பணத்தைக் கொட்டிவிட்டு, மரத்துக்கும் ஒட்டுக்கும் மிச்சம் பிடிக்கிறார்கள். முடிவில் ‘டும் டும்’ என்று அதிரும் ஒரு பெட்டி கிடைக்கிறது. அதில் ஒரு பயானைப் போட்டால் பேசுகிறவர் என்ன சொல்கிறார் என்பது மட்டும் விளங்குவதில்லை.

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் பேச்சு, கேட்பவர் விரும்பினால் சொற்களை எண்ணிவிடக் கூடிய அளவுக்கு நிதானமாகவும் தெளிவாகவும் இருந்ததாக அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கும் செய்தி ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது. நம் வீட்டிலும், மதரஸா வகுப்பிலும், பள்ளிவாசலின் பெண்கள் பகுதியிலும் வைக்கும் ஸ்பீக்கருக்கு இதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். சொல் தெளிவாகப் போய்ச் சேர்கிறதா? மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். இந்த அளவுகோலின்படி மரம், டிரைவர், கேபாசிட்டர், ஒயர் ஆகியவற்றை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதைப் பார்ப்போம்.

சொல்லின் தெளிவு எங்கே இருக்கிறது?

ஒலியின் தாழ்வையும் உயர்வையும் ஹெர்ட்ஸ் என்ற அளவால் குறிப்பிடுகிறார்கள். வயது வந்த ஆணின் குரல் அடிநாதம் ஏறத்தாழ 85 முதல் 180 ஹெர்ட்ஸ் வரை, பெண்ணின் குரல் 165 முதல் 255 ஹெர்ட்ஸ் வரை இருக்கும். ஆனால் சொல்லை விளங்க வைப்பது அடிநாதம் அல்ல. மெய்யெழுத்துகள்தான் ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டுகின்றன. அவற்றின் ஒலி பெரும்பாலும் 1,000 ஹெர்ட்ஸுக்கு மேலே, 2,000 முதல் 8,000 வரை பரவிக் கிடக்கிறது.

ஓதிக் கொடுக்கும் உஸ்தாதுகளுக்கு இது நன்றாகத் தெரியும். ‘ஸீன்’ எழுத்தையும் ‘ஸே’ எழுத்தையும், ‘ஃபே’ எழுத்தையும் காது பிரித்தறிவது அந்த மெல்லிய சீறல் ஒலியால்தான். பழைய தொலைபேசி 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே கடத்தியது. அதனால்தான் அதில் ‘ஸ’வும் ‘ஃப’வும் ஒன்றுபோல் கேட்டு, பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. ஹிஃப்ளு மாணவன் ஒருவன் காரியின் ஒலிப்பதிவைக் கேட்டு மக்ரஜைத் திருத்திக்கொள்ள வேண்டுமானால், அந்த உயர் ஒலிகளைச் சிதைக்காமல் தரும் ஸ்பீக்கர்தான் அவனுக்குப் பயன்படும்.

இன்னொன்றும் உண்டு. தாழ்ந்த ஒலி பலமாக ஒலிக்கும்போது அது உயர்ந்த ஒலியை மூடிவிடும் இயல்புடையது. மைக்கை வாய்க்கு மிக அருகில் பிடித்தால் பல மைக்குகளில் தாழ்ந்த ஒலி தானாகவே கூடிவிடும். அதை சப்வூஃபர் வழியாகவும் வெளியிட்டால் மெய்யெழுத்துகள் அந்த முழக்கத்தில் அமிழ்ந்துவிடுகின்றன. காது மந்தமான பெரியவர்கள் “சத்தம் கேட்குது, என்ன சொல்றாங்கன்னுதான் தெரியல” என்று சொல்வது இதனால்தான். பெரும்பாலும் முதுமையில் முதலில் குறைவது உயர் ஒலிகளைக் கேட்கும் திறனே. அவர்களுக்குத் தேவைப்படுவது கூடுதல் சத்தத்தைவிடக் கூடுதல் தெளிவு.

பெட்டி எதற்கு?

ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் நகரும்போது முன்பக்கக் காற்று நெருக்கப்படுகிறது. அதே நேரத்தில் பின்பக்கக் காற்று விரிகிறது. பெட்டி இல்லாவிட்டால் இந்த இரண்டும் ஓரத்தைச் சுற்றி வந்து ஒன்றையொன்று அழித்துவிடும். தாழ்ந்த ஒலிகளில் இது அதிகம். பெட்டியில்லாத வூஃபரை மேஜையில் வைத்துப் பாட விட்டால் தகரச் சத்தம் வருவதற்குக் காரணம் இதுதான்.

ஆக, பெட்டியின் முதல் வேலை பின்பக்க ஒலியை அடைத்து வைப்பது. அதன் இரண்டாவது வேலை, தான் அதிராமல் இருப்பது. பலகை அதிர்ந்தால் அந்தப் பலகையே இன்னொரு ஸ்பீக்கராகி, ஒலிப்பதிவில் இல்லாத ஓர் ஒலியைச் சேர்க்கும். மரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த இரண்டையும் மனத்தில் வைக்க வேண்டும்.

எந்த மரம்?

*எம்.டி.எஃப்.:* மர நார்களைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை. எல்லா இடத்திலும் ஒரே அடர்த்தி (கன மீட்டருக்கு ஏறத்தாழ 700 முதல் 800 கிலோ), வழவழப்பான மேற்பரப்பு, அறுப்பது எளிது. ஸ்பீக்கர் பெட்டிக்கு உலகம் முழுவதும் அதிகம் பயன்படுவது இதுதான். குறை என்னவென்றால் தண்ணீர் பட்டால் உப்பிவிடும், உப்பியது திரும்பாது. காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம், நாகூர் போன்ற கடலோர ஊர்களில் உள்ள வீடுகளில் எம்.டி.எஃப். பயன்படுத்தினால், வெட்டிய ஓரங்கள் உட்பட உள்ளும் புறமும் சீலர் அல்லது பெயின்ட் அடித்தே ஆக வேண்டும். அறுக்கும்போது பறக்கும் தூசு மிக நுண்மையானது, பசையும் கலந்தது. முகக்கவசம் இல்லாமல் பிள்ளைகளை அறுக்க விடாதீர்கள். வீட்டுக்குள் வைத்தும் அறுக்க வேண்டாம்.

*பிளைவுட்:* மெல்லிய மர அடுக்குகளை மாற்றி மாற்றிக் குறுக்காக ஒட்டியது. எம்.டி.எஃபைவிட எடை குறைவு, ஸ்க்ரூ நன்றாகப் பிடிக்கும், ஈரத்தை ஓரளவு தாங்கும். கடையில் கேட்கும்போது தரத்தைச் சொல்லிக் கேட்க வேண்டும். எம்.ஆர். என்பது சாதாரண ஈரத்தைத் தாங்குவது, பி.டபிள்யூ.ஆர். அதைவிட மேல், ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட் அதற்கும் மேல். நம் ஊர் வீடுகளுக்கு பி.டபிள்யூ.ஆர். போதும். வாங்கும்போது ஓரத்தைப் பாருங்கள். அடுக்குகளுக்கு நடுவே பொந்து தெரிந்தால் அந்தப் பலகை வேண்டாம். அந்தப் பொந்துதான் பிறகு ‘கிர்ர்’ என்று சத்தம் போடும்.

*ஹெச்.டி.ஹெச்.எம்.ஆர்.:* அண்மைக் காலத்தில் கிச்சன் அலமாரிகளுக்கு அதிகம் வாங்கப்படும் பலகை. எம்.டி.எஃபைவிட அடர்த்தி கூடியது, ஈரத்தையும் அதைவிட நன்றாகத் தாங்கும். கடலோர ஊர்க்காரர்களுக்கு நல்ல தேர்வு. எடை அதிகம் என்பதை மட்டும் கவனிக்க வேண்டும்.

*பார்ட்டிக்கிள் போர்டு:* பழைய அலமாரி, கம்ப்யூட்டர் மேஜை ஆகியவற்றில் இருப்பது. ஓரங்கள் உதிரும், ஸ்க்ரூ இளகிவிடும். பழகிப் பார்க்க ஒரு பெட்டி செய்யலாம், நிலையாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

*தேக்கு போன்ற முழு மரம்:* பார்க்க அழகாக இருக்கும். ஆனால் மழைக்காலத்தில் விரிந்து வெயில் காலத்தில் சுருங்கும். நாளடைவில் இணைப்புகள் விலகிக் காற்று கசிய இடமுண்டு. பெட்டிக்குப் பிளைவுட்டைப் பயன்படுத்தி, மேலே தேக்கு வெனியர் ஒட்டிக்கொள்வதே புத்திசாலித்தனம்.

தடிமனில் மிச்சம் பிடிக்காதீர்கள். ஒரு பலகையின் விறைப்பு, தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் கூடுகிறது. 12 மி.மீ. பலகைக்குப் பதிலாக 18 மி.மீ. பலகை வாங்கினால் தடிமன் ஒன்றரை மடங்குதான், விறைப்போ 3 மடங்குக்கும் மேல். வீட்டு ஸ்பீக்கருக்கு 18 மி.மீ. போதும். 10 அங்குலத்துக்கு மேற்பட்ட சப்வூஃபரானால், வூஃபர் பொருத்தும் முன்பலகையை மட்டும் இரண்டு 18 மி.மீ. பலகைகளை ஒட்டிச் செய்யலாம்.

ஒட்டும் முறையும் குறுக்குச் சட்டமும்

பெட்டியில் காற்று கசியக் கூடாது. ஃபெவிக்கால் போன்ற வெள்ளை மரப் பசையைத் தாராளமாகத் தடவி, கிளாம்ப் அல்லது ஸ்க்ரூவால் இறுக்கி, ஒரு முழு நாள் விட்டுவிடுங்கள். எம்.டி.எஃப். ஓரத்தில் நேராக ஸ்க்ரூ ஏற்றினால் பலகை பிளக்கும். முதலில் மெல்லிய துளை போட்டுவிட்டு ஏற்ற வேண்டும். உள்மூலைகளில் பசையையோ சிலிக்கானையோ ஓட்டி அடையுங்கள். வினிகர் வாடை வீசும் சிலிக்கானானால், வாடை முழுதும் போகும் வரை டிரைவரைப் பொருத்தக் கூடாது. அந்த ஆவி செம்பையும் கூம்பின் ஒட்டுகளையும் கெடுக்கக்கூடும்.

அகலமான பலகைகளுக்கு நடுவே, எதிரெதிர்ச் சுவர்களை இணைத்து ஒரு குறுக்குச் சட்டம் கொடுங்கள். மிஞ்சிய துண்டுப் பலகையே போதும், செலவில்லை. விரல் முட்டியால் பெட்டியைத் தட்டிப் பாருங்கள். மத்தளம்போல் ஒலித்தால் சட்டம் போதாது, சுவரைத் தட்டியதுபோல் மந்தமாக ஒலித்தால் சரி.

உள்ளே பஞ்சு வைப்பது பெட்டிக்குள் எதிரொலிக்கும் நடுத்தர ஒலிகளை உறிஞ்சுவதற்காக. தலையணைக்குப் பயன்படும் பாலியெஸ்டர் பஞ்சு நல்லது. இலவம் பஞ்சு நாளடைவில் அமுங்கிக் கட்டியாகும், பூச்சியும் தங்கும். கண்ணாடிப் பஞ்சு நன்றாக வேலை செய்தாலும் தோலிலும் மூச்சிலும் அரிப்பு உண்டாக்கும், பிள்ளைகள் கையாளும் வேலைக்கு அது வேண்டாம்.

டிரைவர் வாங்கும்போது

கடைக்காரர் முதலில் சொல்வது அங்குலமும் வாட்ஸும். நாம் முதலில் கேட்க வேண்டியது டேட்டா ஷீட். ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல் 1961-இல் வெளியிட்ட ஆய்வும், அதைத் தொடர்ந்து 1970-களில் ரிச்சர்ட் ஸ்மால் செய்த பணியும் ஸ்பீக்கர் பெட்டி செய்வதைக் கணக்காக மாற்றிவிட்டன. இன்று நல்ல நிறுவனங்கள் ஒவ்வொரு டிரைவருக்கும் அந்த அளவுகளை வெளியிடுகின்றன. நமக்கு அவற்றில் மூன்று போதும்.

1. எஃப்.எஸ்.: டிரைவர் தானாக அதிரும் இயல்பு எண், ஹெர்ட்ஸில்.
2. கியூ.டி.எஸ்.: அந்த அதிர்வு எவ்வளவு கட்டுக்குள் இருக்கிறது என்பதைக் காட்டும் எண்.
3. வி.ஏ.எஸ்.: டிரைவரின் தொங்கல் எவ்வளவு காற்றின் நெகிழ்ச்சிக்குச் சமம் என்பது, லிட்டரில்.

கணக்கு என்றதும் மலைக்க வேண்டாம். மதரஸாவில் ஓதி, கல்லூரியில் கலைப் பிரிவு படித்த நமக்கே விளங்குகிற கணக்குதான் இது. மூடிய பெட்டிக்கு 0.707-ஐ கியூ.டி.எஸ். எண்ணால் வகுக்கவும். விடையை அதே விடையால் பெருக்கி, 1-ஐக் கழிக்கவும். வி.ஏ.எஸ். எண்ணை இப்போது வந்த எண்ணால் வகுத்தால் பெட்டியின் கொள்ளளவு கிடைக்கும். ஓர் உதாரணம் பார்ப்போம். 6.5 அங்குல டிரைவர் ஒன்றுக்கு எஃப்.எஸ். 50, கியூ.டி.எஸ். 0.5, வி.ஏ.எஸ். 20 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். 0.707-ஐ 0.5-ஆல் வகுத்தால் 1.414. அதை அதனாலேயே பெருக்கினால் 2. அதில் 1 போனால் 1. ஆகவே பெட்டி 20 லிட்டர். இந்தப் பெட்டியில் ஒலி ஏறத்தாழ 70 ஹெர்ட்ஸ் வரை இறங்கி, அதற்குக் கீழே மெல்லக் குறையும். ஆணின் குரல் 85-இல்தான் தொடங்குகிறது என்று முன்பே பார்த்தோம். அதாவது பயானுக்கும் கிராஅத்துக்கும் இந்தச் சிறிய பெட்டியே நிறைவாகப் போதும்.

20 லிட்டர் என்றால் உள்ளளவு 20 × 28 × 36 செ.மீ. மூன்று அளவுகளும் வெவ்வேறாக இருப்பது நல்லது. சதுரக் கட்டியாகச் செய்தால் ஒரே ஒலி உள்ளே மூன்று திசையிலும் எதிரொலித்துப் பெருகும். இப்படி இரண்டு பெட்டிகள் செய்ய 4 × 4 அடி, அதாவது பாதித் தாள் பிளைவுட் போதும்.

டேட்டா ஷீட் இல்லாத டிரைவரை வாங்கினால் பெட்டியின் அளவு குருட்டுக் கணக்காகிவிடும். அட்டையில் 5,000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ. என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம். அந்த எண்ணுக்குப் பொதுவான வரையறையே கிடையாது. ஆர்.எம்.எஸ். வாட்ஸ் எவ்வளவு என்று கேளுங்கள். அதைவிட முக்கியமானது சென்சிட்டிவிட்டி, அதாவது 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் என்பது. 86 டெசிபல் டிரைவரையும் 92 டெசிபல் டிரைவரையும் ஒரே சத்தத்தில் ஒலிக்க வைக்க, முதலாவதற்கு 4 மடங்கு மின்திறன் வேண்டும். நல்ல டிரைவர் வாங்கினால் பெரிய ஆம்ப்ளிஃபயருக்குச் செலவழிக்கும் பணம் மிச்சம்.

கூம்பின் ஓரத்தில் இருக்கும் வளையத்தையும் பாருங்கள். ஃபோம் வளையம் நம் வெப்பத்திலும் ஈரத்திலும் சில ஆண்டுகளில் உதிர்ந்துவிடும். ரப்பர் வளையமோ துணி வளையமோ நீடித்து உழைக்கும்.

பழைய டிரைவர் வாங்கினால் மூன்று சோதனைகள் செய்யலாம். மல்டிமீட்டரில் 8 ஓம் டிரைவர் ஏறத்தாழ 5.5 முதல் 7 ஓம் வரை காட்ட வேண்டும். கூம்பின் மீது விரல்களைச் சமமாக வைத்து மெல்ல அழுத்தும்போது உரசும் சத்தம் வரக் கூடாது. 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டால் கூம்பு அசைய வேண்டும். அது வெளியே தள்ளும்போது பேட்டரியின் பிளஸ் எந்த முனையைத் தொட்டதோ அதுவே டிரைவரின் பிளஸ்.

மூடிய பெட்டியா, பைப் வைத்த பெட்டியா?

முற்றிலும் மூடிய பெட்டியை வீட்டு ஸ்பீக்கருக்கு வெற்றிகரமாகக் கொண்டு வந்தவர் அமெரிக்காவின் எட்கர் வில்ச்சர். ஆண்டு 1954. பெட்டிக்குள் அடைபட்ட காற்றே கூம்புக்கு ஸ்பிரிங்போல் வேலை செய்கிறது. செய்வது எளிது, சிறு அளவுப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும், பேச்சுக்குத் துல்லியமானது. கியூ.டி.எஸ். 0.4 முதல் 0.7 வரை உள்ள டிரைவர்கள் இதற்குப் பொருந்தும். முதன்முதலில் செய்பவர்களுக்கு நாம் சொல்வது இதைத்தான்.

பைப் வைத்த பெட்டியில் உள்ளே உள்ள காற்று பைப் வழியாக வெளிவந்து தாழ்ந்த ஒலிக்குத் துணை செய்யும். கியூ.டி.எஸ். 0.4-க்குக் கீழ் உள்ள டிரைவர்கள் இதற்கு ஏற்றவை. சாதாரண பி.வி.சி. பைப்பே போதும், ஆனால் நீளம் கணக்குப்படி இருக்க வேண்டும். 60 லிட்டர் பெட்டியை 35 ஹெர்ட்ஸுக்கு அமைக்க, 10 செ.மீ. உள்விட்டமுள்ள பைப்பானால் ஏறத்தாழ 25 செ.மீ. நீளம் வேண்டும். “சின்ன பைப்பே போதும்” என்று 5 செ.மீ. பைப் வைத்தால் நீளம் 4 செ.மீ. சொச்சம்தான் வரும். ஆனால் அத்தனை காற்றும் அந்தச் சிறு வாய் வழியே போகும்போது ‘புஸ் புஸ்’ என்று ஊதும். மேலும், அமைத்த எண்ணுக்குக் கீழான ஒலி வந்தால் கூம்பைத் தடுக்கக் காற்று ஸ்பிரிங் இருக்காது. வால்யூமைக் கூட்டினால் டிரைவர் கிழியும்.

கேபாசிட்டர், ஒயர், ஆம்ப்ளிஃபயர்

ட்வீட்டருக்குத் தாழ்ந்த ஒலி போகாமல் தடுக்க ஒரு கேபாசிட்டர் வேண்டும். 8 ஓம் ட்வீட்டருக்கு 4.7 மைக்ரோ ஃபாரட் வைத்தால் ஏறத்தாழ 4,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி மட்டும் போகும். இதற்கு பிளஸ், மைனஸ் குறியிட்ட சாதாரண எலக்ட்ரோலைட்டிக் கேபாசிட்டர் கூடாது. நான்-போலார் அல்லது பாலிப்ரொப்பலீன் வகையைக் கேட்டு வாங்குங்கள். விலை வித்தியாசம் சிறிது, தெளிவில் வித்தியாசம் பெரிது. முன்பு சொன்ன ‘ஸீன்’, ‘ஸே’ எழுத்துகளெல்லாம் இந்த ஒரு சிறு பொருளின் வழியாகத்தான் வருகின்றன.

ஒயருக்கு விலையுயர்ந்த பெயர்கள் தேவையில்லை. 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் 10 மீட்டர் தூரம் வரை போதும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய ஒயர் மலிவாகக் கிடைக்கும். ஆனால் அதன் மின்தடை கூடுதல், வளைத்தால் சீக்கிரம் ஒடியும்.

ஓம் கணக்கை மறந்துவிடாதீர்கள். இரண்டு 8 ஓம் டிரைவர்களை இணையாகக் கொடுத்தால் 4 ஓம் ஆகும். இரண்டு 4 ஓம் டிரைவர்களை அப்படிக் கொடுத்தால் 2 ஓம். பல சிறிய ஆம்ப்ளிஃபயர் போர்டுகள் அதைத் தாங்காமல் சூடேறிக் கெட்டுவிடும்.

வாட்ஸைப் பொறுத்தவரை ஒரு விதியை நினைவில் வையுங்கள். மின்திறனை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல்தான், காதுக்கு அது சிறிய மாற்றம். இருமடங்கு சத்தமாகத் தோன்ற ஏறத்தாழ 10 மடங்கு மின்திறன் வேண்டும். ஒரு வீட்டு ஹாலுக்கு உண்மையான 20 முதல் 30 வாட்ஸ் தாராளம். 230 வோல்ட் மின்சாரம் வரும் பவர் சப்ளையைப் பிள்ளைகள் திறந்தபடி வைத்து வேலை செய்வதை அனுமதிக்காதீர்கள். ஃப்யூஸ், மூடி, எர்த் இணைப்பு மூன்றும் இருக்க வேண்டும்.

சப்வூஃபர் வேண்டுமா?

பிள்ளைகளின் ஆசை பெரும்பாலும் இங்கேதான் நிற்கும். இசை பற்றிய மார்க்கச் சட்டத்தை விளக்குவது இந்தக் கட்டுரையின் நோக்கமல்ல, அதற்கு வேறு கட்டுரைகள் உண்டு. இங்கே சொல்ல வருவது அண்டை வீட்டாரின் உரிமை பற்றி.

50 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை ஏறத்தாழ 7 மீட்டர் நீளம். உயர் ஒலியைச் சுவர் பெரும்பாலும் தடுத்துவிடும், தாழ்ந்த ஒலியை அந்த அளவுக்குத் தடுக்காது. நம் ஹாலில் ஓடும் ஒலிப்பதிவின் சொற்கள் பக்கத்து வீட்டுக்குப் போவதில்லை, ‘டும்’ என்ற அதிர்வு மட்டும் போகிறது. அங்கே காய்ச்சலில் படுத்திருக்கும் மூதாட்டிக்கும், தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கும், தூங்கும் கைக்குழந்தைக்கும் போய்ச் சேர்வது அந்த அதிர்வுதான். சுவரோடு சுவர் ஒட்டிய நம் தெருக்களில் இது சிறிய விஷயமல்ல.

தன் தொல்லையிலிருந்து அண்டை வீட்டார் பாதுகாப்புப் பெறாத மனிதனின் ஈமானைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் எவ்வளவு கடுமையாக எச்சரித்தார்கள் என்பது நாம் அறிந்ததே. பள்ளிவாசலில் இஃதிகாஃப் இருந்தபோது சிலர் உரத்து ஓதுவதைக் கேட்ட நபியவர்கள், திரையை விலக்கி, ஓதுவதில்கூட ஒருவர் மற்றவருக்கு இடையூறு செய்யக் கூடாது என்று அறிவுறுத்திய செய்தி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. இறைவேதத்தை ஓதும் சத்தத்துக்கே இந்த எல்லை என்றால், மற்ற சத்தங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தன் மகனுக்குக் குரலைத் தாழ்த்தச் சொன்ன லுக்மான் (அலை) அவர்களின் அறிவுரையும் குர்ஆனில் உள்ளது.

நாட்டின் சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்கான அளவு பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல். இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. தனியார் இடத்தில் ஓடும் ஒலிக்கருவியின் சத்தம் அந்த இடத்தின் எல்லையில் இந்த அளவைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது.

ஆகவே சப்வூஃபரை முதலில் செய்யாதீர்கள். முதலில் இரண்டு சிறிய மூடிய பெட்டிகள் செய்யுங்கள். மாதக்கணக்கில் கேட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகும் தேவை என்று பட்டால், பெரிய தனிவீடாக இருந்தால், 8 அல்லது 10 அங்குலத்தில் மூடிய பெட்டியாகச் செய்யலாம். அதைச் சுவரின் மூலையில் தள்ளி வைத்தால் முழக்கம் கூடும், தள்ளி வெளியே வைத்தால் குறையும். கீழே தடித்த ரப்பர் பாதம் கொடுத்தால் தரை வழியாகப் போகும் அதிர்வு ஓரளவு அடங்கும்.

மதரஸாவுக்கும் பெண்கள் பகுதிக்கும்

டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை, வெறும் சுவர் உள்ள ஹாலில் ஒலி எதிரொலித்துக் குழம்பும். அங்கே பெரிய வூஃபரும் சப்வூஃபரும் நிலைமையை மோசமாக்கவே செய்யும். நான்கு 4 அங்குல டிரைவர்களை ஒன்றின் மேல் ஒன்றாக ஒரே ஒல்லியான பெட்டியில் அடுக்கிச் செய்யும் காலம் ஸ்பீக்கர் அங்கே பொருத்தம். இப்படி அடுக்கும்போது ஒலி மேலும் கீழும் அதிகம் சிதறாமல், உட்கார்ந்திருப்பவர்களை நோக்கிப் போகும். கூரை எதிரொலி குறையும். நான்கும் 8 ஓம் என்றால், இரண்டிரண்டாகத் தொடராக இணைத்து, அந்த இரு ஜோடிகளை இணையாகக் கொடுத்தால் மொத்தமும் 8 ஓம்தான், ஆம்ப்ளிஃபயருக்குச் சிரமமில்லை.

ஒரு பெரிய ஸ்பீக்கரை மூலையில் வைத்துச் சத்தத்தைக் கூட்டுவதைவிட, சிறிய ஸ்பீக்கர்களைக் கேட்பவர்களுக்கு அருகில் வைத்துச் சத்தத்தைக் குறைப்பதே சிறந்தது. மிக்ஸரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழான ஒலியை வெட்டும் பட்டன் இருந்தால் பேச்சுக்கு அதை எப்போதும் போட்டு வையுங்கள். தரையில் கார்ப்பெட்டும் ஜன்னலில் தடித்த திரையும் ஆம்ப்ளிஃபயரை மாற்றுவதைவிடக் கூடுதல் பலன் தரும். இந்தச் செலவு வக்ஃப் பணத்திலிருந்து போகிறது என்றால், டேட்டா ஷீட் கேட்டு, கணக்குப் போட்டு வாங்குவது அமானிதத்தைப் பேணுவதாகும். மாடியில் அமர்ந்து குத்பா கேட்கும் நம் சகோதரிகளுக்கு அதன் சொற்கள் போய்ச் சேர்வது அவர்களின் உரிமை. அது ஏதோ சலுகை என்று ஜமாஅத்தார் எண்ண வேண்டாம்.

சுருக்கமாக

பணம் குறைவாக இருந்தால் இந்த வரிசையில் செலவழியுங்கள்: முதலில் டேட்டா ஷீட் உள்ள நல்ல டிரைவர், அடுத்து 18 மி.மீ. பிளைவுட் அல்லது ஹெச்.டி.ஹெச்.எம்.ஆர்., அடுத்து பசை, சட்டம், பஞ்சு, நல்ல கேபாசிட்டர், கடைசியாகத்தான் ஆம்ப்ளிஃபயரின் வாட்ஸ். சப்வூஃபர் பட்டியலில் இல்லாவிட்டாலும் குறையில்லை.

தொழுகையில் ஓதும் குரல் மிக உயரவும் வேண்டாம், மிகத் தாழவும் வேண்டாம், இரண்டுக்கும் நடுவே ஒரு வழியைத் தேடிக்கொள்ளுமாறு பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 110-ஆம் வசனம் நமக்கு வழிகாட்டுகிறது. பெட்டி செய்யும் பிள்ளைகளுக்கும், அதற்குப் பணம் கொடுக்கும் பெற்றோருக்கும் அந்த நடுவழி நினைவிருக்கட்டும். செய்து முடித்ததும் வால்யூமைக் கூட்டிப் பார்ப்பதற்கு முன், குறைத்து வைத்து வீட்டிலுள்ள வயதான பாட்டியாரைக் கேளுங்கள். ஒவ்வொரு சொல்லும் அவருக்கு விளங்கினால் அந்தப் பெட்டி நன்றாக அமைந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ்.

நம் பிள்ளைகளின் கைத்திறனை அல்லாஹ் பயனுள்ளதாக ஆக்கி வைப்பானாக! ஆமீன்.